200 ரூவாய்க்கு குளிர் மாலிக்யூல் கிளாஸ், போலாமுங்களா?

நானு கோயமுத்தூர் கணபதியில மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கறவனுங்க, பிசிக்ஸ் எல்லாம் ப்ளஸ் டூவோட சரி. எம்எஸ்சி படிக்கற புள்ள "ஒருக்கா வாங்கப்பா"ன்னு இழுத்துட்டு போச்சு. மாலிக்யூலை எப்படி குளுத்தறாங்கன்னு ஒரு கிளாஸுங்க, அவிநாசி ரோட்டுல ஒரு ஹால், சனிக்கெழமை பொழுதோட, ஆளுக்கு 200 ரூவா. ஆரம்பிக்கவே முக்கா மணி நேரம் லேட்டுங்க, டீ வாயில வெக்க முடியல.

ஆனா பேசினவரு நெம்ப நல்லா சொன்னாருங்க. அணுவை லேசர் அடிச்சு குளுத்திரலாமாம், மாலிக்யூல்னா அணுக சேந்து ஒட்டுனது, அது சுத்தும், ஆடும், லேசர் பட்டா எந்த நிலைக்கு தாவும்னு புடிக்கறது நெம்ப கஷ்டமாம், அதனால பொட்டாசியம் ரூபிடியம் ரெண்டையும் அணுவா இருக்கறப்பவே குளுத்திட்டு அப்பறமா சேக்கறாங்க. 2008ல கொலராடோவுல ஜீலா லேப்ல டெபோரா ஜின், ஜுன் யே டீம் இப்படித்தான் பண்ணுச்சாம், சூடு ஒரு கெல்வின்ல (அதுக்குக் கீழ குளுரே இல்லாத மைனஸ் 273 டிகிரியிலிருந்து எண்ணற டிகிரி) பத்து லட்சத்துல ஒரு பங்கு கூட இல்ல.

ஒட்ட வெக்கறது எதுன்னு பாத்தா காந்தமுங்க! 546 காஸ் (காந்தப் புலத்தை அளக்கற அளவு) பக்கத்துல ரெண்டும் லேசா ஒட்டிக்குது, அதுக்கு பேரு ஃபெஷ்பாக் ரெசொனன்ஸ், அதுக்கப்பறம் ரெண்டு லேசர் போட்டு கெட்டியாக்கறாங்க. 546 எல்லாம் ஒரு பெரிய நம்பரே இல்லீங்க, நம்ம மோட்டார் ஸ்டேம்பிங்ல, அதான் உள்ளார இருக்கற இரும்புத் தகடுல, 10,000க்கு மேல ஓடும். ஆனா இவங்களுக்கு நடுவுல இரும்பு கெடையாது, வெறும் காயில், அந்த ரெசொனன்ஸோட அகலமே 3 காஸ்தான், கரண்டு துளி ஆடுனாலும் போச்சு. காயில் கருகாதுங்களான்னு நானே எந்திரிச்சு கேட்டனுங்க. செம்புக் குழாயில சுத்தி உள்ளார தண்ணி ஓட்டுவாங்களாம்! நம்ம ஆளுககிட்ட குடுத்தா ஒரே நாள்ல சுத்தி குடுத்துருவாங்கன்னு சொன்னேன், புள்ள சட்டையப் புடிச்சு உக்கார வெச்சுருச்சு.

கொறைன்னா ஸ்லைடு பூரா இங்கிலீசு, எறும்பு சைசு எழுத்து. அப்பறம் 2024ல கொலம்பியா யுனிவர்சிட்டிக்காரங்க சோடியம் சீசியம் மாலிக்யூலை மைக்ரோவேவ் போட்டு ஒண்ணுக்கொண்ணு முட்டாம தள்ளி நிறுத்தி போஸ் ஐன்ஸ்டைன் கண்டன்சேட் (எல்லாம் ஒரே நிலைக்கு வந்து ஒண்ணாட்டம் நடந்துக்கறது) ஆக்குனதை அஞ்சே நிமிசத்துல முடிச்சுட்டாங்க, அதைக் கேக்கத்தான் புள்ள வந்ததே, திரும்பற வழியெல்லாம் ஒரே பொலம்பல்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் போடறனுங்க. போறவங்க முன்னாடி சீட்டு புடிச்சுக்கங்க, டீயை வெளிய குடிச்சுட்டு போங்க.