கேலிக்குச் சட்டப் பாதுகாப்பு: அங்கே எப்படி, இங்கே எப்படி?

அமெரிக்காவில் 1988இல் வந்த ஹஸ்ட்லர் பத்திரிகை வழக்குத் தீர்ப்பு தெளிவானது. மதபோதகர் ஃபால்வெல்லை ஆபாசமாகக் கிண்டலடித்த போலி விளம்பரத்துக்குக்கூட நஷ்டஈடு கிடையாது. பிரபலங்களுக்கு மனம் புண்பட்டால் மட்டும் போதாது.

இங்கே? 1987இல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றமே மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பவே, சில நாளில் விட்டுவிட்டார்கள். அது தவறென்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதோ 1994இல். இழப்பீடு ஆயிரம் ரூபாய்!

அவதூறு இங்கே இன்றும் குற்றம்தான். இரண்டாண்டு வரை சிறை. நல்லெண்ணத்தில் சொன்ன கருத்துக்கு விலக்கு உண்டு, சரி. ஆனால் அதை நிரூபிக்க, கேலி செய்தவர்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். அமெரிக்க வழியே மேல் என்பேன். அங்கே வழக்குப் போட்டவர்தான் நிரூபிக்க வேண்டும்.