பழைய மடிக்கணினியில் ஜப்பானியக் குரல்: உட்டாவா, ஓப்பன்உட்டாவா?

உட்டாவ், ஓப்பன்உட்டாவ் என்ற பாட வைக்கும் மென்பொருள்களில் ஒன்றைக் கொண்டு, ஜப்பானியக் கதாபாத்திரக் குரலிலோ நாமே பதிந்த குரலிலோ ஒரு பாட்டைப் பாட வைக்க வேண்டும். கையில் இருப்பதோ 2 ஜிபி ரேம், 32-பிட் விண்டோஸ் 10. இது இழுக்குமா என்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் கேள்வி. ஆனால் பலரும் சறுக்குவது வேகத்தில் இல்லை, கோப்புப் பெயரில்.

சிலவற்றை உடனே கழித்துவிடலாம். 2007-இல் ஹட்சுனே மிக்கு என்ற பாடகிப் பாத்திரத்தைத் தந்த வோகலாய்ட் 2 மென்பொருளில் நிறுவனம் விற்ற குரல்தான் கிடைக்கும். வீட்டில் பதிந்த குரலை அதில் சேர்க்க முடியாது. சுண்டாமோன் என்ற பாத்திரம் பேசும் வாய்ஸ்வாக்ஸ் மென்பொருள் இலவசம், கேட்கவும் அருமை. ஆனால் அதற்கு 64-பிட் விண்டோஸ் வேண்டும். குரலும் ஆயத்தமாக வருவதுதான். மிச்சம் இரண்டு: 2008-இல் வந்த உட்டாவ், அதன் வழியில் பிற்பாடு திறமூலமாக எழுதப்பட்ட ஓப்பன்உட்டாவ். கசானே டெட்டோ என்ற பாத்திரம் 2008 ஏப்ரல் முதல் தேதி ஏமாற்று வேலையாகப் பிறந்து, நிஜமாகவே பாடத் தொடங்கியது உட்டாவில்தான்.

இரண்டுக்கும் குரல் என்பது ஒரே மாதிரியான கோப்புறை. நம் உயிர்மெய்யைப் போல 'கா', 'கி', 'கு' என ஒவ்வொன்றும் ஒரு வேவ் கோப்பு. கூடவே ஓட்டோ என்ற பெயரில் ஓர் ஐஎன்ஐ கோப்பு (அமைப்புகளை எழுதி வைக்கும் எளிய உரைக்கோப்பு) இருக்கும். அதில் ஒலிக்கு ஒரு வரி, வரிக்கு ஐந்து எண்கள், எல்லாம் மில்லிசெகண்டில். மெய் எங்கே முடிகிறது, உயிரை எந்த இடத்தில் நீட்டலாம் என்பதை அந்த எண்கள்தான் சொல்கின்றன.

சிக்கலும் அங்கேதான். பழைய குரல் தொகுப்புகளில் கோப்புப் பெயர்கள் ஷிஃப்ட்-ஜிஸ் என்ற பழைய ஜப்பானிய எழுத்துக் குறியீட்டில் இருக்கும். ஆங்கில விண்டோஸில் ஜிப்பைச் சும்மா பிரித்தால், 'ஆ' என்ற ஒற்றை ஜப்பானிய எழுத்து தலையில் கோடு போட்ட இரண்டு லத்தீன் எழுத்துகளாகிவிடும். ஓட்டோ கோப்பு தேடும் பெயர் கோப்புறையில் இருக்காது, பாட்டும் வராது. பாமினியில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கூத்து புதிதல்ல.

உட்டாவுக்கு வழக்கமான வைத்தியம், கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் லொக்கேலை (பழைய மென்பொருள்களுக்கான மொழி அமைப்பை) ஜப்பானியத்துக்கு மாற்றி, கணினியை மறுதொடக்கம் செய்து, அதற்குப் பிறகு ஜிப்பைப் பிரிப்பது. பக்கவிளைவாகச் சில இடங்களில் பின்சாய்கோடு யென் குறியாகத் தெரியும். அது பரவாயில்லை. டாம், டாப் எழுத்துருக்களில் இன்னும் வேலை செய்யும் பழைய தமிழ் மென்பொருள் அதே கணினியில் இருந்தால் மட்டும் யோசியுங்கள், அதுவும் குழம்பக்கூடும்.

ஓப்பன்உட்டாவில் இந்தத் தலைவலி இல்லை. ஜிப்பை அப்படியே இழுத்துப் போட்டால், எந்தக் குறியீடு என்று கேட்டு, பெயர்கள் எப்படித் தெரியும் என்பதையும் காட்டும். சரியாகத் தெரிந்தால் அடுத்ததை அழுத்த வேண்டியதுதான். எனக்கு இது ஒன்றே போதும், பாதி வாக்கு இதற்குத்தான்.

வேகத்தில் கதை கொஞ்சம் மாறுகிறது. உட்டாவ் மிகச் சிறியது, சட்டென்று திறக்கும். ஒலிக்க விட்டால் ஒரு கறுப்புச் சன்னல் எழும்பி, ஒவ்வொரு ஸ்வரமாக வரி வரியாக ஓடும். முதல் தடவை பொறுமை வேண்டும். ஓப்பன்உட்டாவ் கனமானது. 2 ஜிபியில் அதையும் பிரவுசரையும் ஒன்றாகத் திறந்து வைப்பது வேண்டாத வேலை.

அப்புறம், வரிகளை உள்ளிடுவது. முந்தைய உயிரோடு சேர்த்துப் பதிந்த தொகுப்பென்றால், உட்டாவில் 'ஆ கா' என முன் உயிரையும் நாமே எழுத வேண்டும், இல்லாவிட்டால் பிளக்இன் தேட வேண்டும். ஓப்பன்உட்டாவில் 'கா' என்றால் போதும், பொருத்தமான ஒலியை அதுவே எடுத்துக்கொள்ளும்.

சொந்தக் குரல் என்றால் தனித்தனி ஒலிகளாக நூற்றுச் சொச்சம் பதிவுகளில் தொடங்கலாம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16-பிட், மோனோ. பழைய மடிக்கணினியின் உள்விசிறி இரைச்சல் எல்லாப் பதிவிலும் ஏறிவிடும். அதனால் ஃபோனில் பதிந்து மாற்றிக்கொள்வதே மேல். சீலிங் ஃபேனையும் நிறுத்திவிடுங்கள்.

ஓப்பன்உட்டாவ் அந்தக் கணினியில் ஓடுகிறதென்றால் அதுவே என் தேர்வு. மூச்சு வாங்கினால் மட்டும் லொக்கேலை மாற்றி உட்டாவுக்குப் போங்கள். அதில் செய்த யுஎஸ்டி கோப்புகளை (பாட்டின் ஸ்வரங்களும் வரிகளும் இருப்பவை) நல்ல கணினி வாங்கிய பிறகு ஓப்பன்உட்டாவிலேயே திறந்துகொள்ளலாம்.