3 வாரம் என்றார், 11 வாரம் ஆனது: சுங்கை சிப்புட் வயலின் பட்டறை

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் வயலின் ரிப்பேர் செய்கிறவர், 3 வாரத்தில் தருகிறேன் என்று சொல்லி 11 வாரம் எடுத்துக்கொண்டார். போன் அடித்தால் எடுக்க மாட்டார். எடுத்தாலும் "அடுத்த வாரம் வாங்க தங்கச்சி" என்பதோடு சரி. கார்டு கிடையாது, ரசீதுப் புத்தகம் கிடையாது. உட்கார ஒரே ஒரு நாற்காலி, அதிலும் எப்போதும் யாருடைய தபேலாவோ உட்கார்ந்திருக்கும். கொசு வேறு. ஆனாலும் பழைய வயலின் வைத்திருப்பவர்கள் யார் கேட்டாலும் இவரிடம்தான் போகச் சொல்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

வயலின் எங்கள் தாத்தாவுடையது. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்ததே, அந்தக் கலவரத்தில் எங்கள் தோட்டத்துத் துரைசானி பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறினார். போகும்போது வயலினைத் தாத்தா கையில் கொடுத்துவிட்டுப் போனார் என்பது வீட்டுக் கதை. சும்மா கொடுத்தாரா, தாத்தா 40 வெள்ளி கொடுத்து வாங்கினாரா என்பதில் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. 40 வெள்ளிக்கு அப்போது எவ்வளவு அரிசி வாங்கலாம் என்று பாட்டி கணக்குச் சொல்லுவார்.

தாத்தா முறையாகப் படித்தவர் இல்லை. புரட்டாசி சனிக்கிழமை பஜனையிலும், லயத்து (தோட்டக் குடியிருப்பு) ஆட்கள் போட்ட நாடகங்களிலும் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பாராம். அவர் போன பிறகு 22 வருஷம் வயலின் எங்கள் அலமாரி மேல் கிடந்தது. போன வருஷம் என் மகன் ஈப்போவில் வயலின் வகுப்புக்குப் போக ஆரம்பித்ததும் இறக்கிப் பார்த்தேன். பெட்டியைத் திறந்தால் வில்லில் நாலே நாலு முடி. வயலினை அசைத்தால் உள்ளே ஏதோ உருண்டது.

இந்த இடத்தில் என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வயலினின் மேல்பலகையில் இருக்கிற எஃப் வடிவத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு லேபிள்: அந்தோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ், கிரெமோனா, 1721. அந்த ஸ்ட்ராடிவாரி 1721இல் செய்த 'லேடி பிளண்ட்' என்ற வயலின் 2011இல் 1 கோடியே 59 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது, பணம் ஜப்பான் சுனாமி நிவாரணத்துக்குப் போனது. சித்தப்பா அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டிப் பர்ஸில் வைத்திருக்கிறார். அதே வருஷம், அதே பெயர். அதனால் ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் பாகப்பிரிவினை பேச வேண்டும் என்றார்.

கோலாலம்பூரில் ஒரு பெரிய கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கண்ணாடிக் கவுண்டருக்குப் பின்னால் நின்ற பையன் பெட்டியை முழுசாகத் திறக்கக்கூட இல்லை. "ஷோகேஸ்ல வைங்க அக்கா, புதுசு வாங்கிக்கங்க" என்றான். டோல், பெட்ரோல், பார்க்கிங் எல்லாம் தண்டம். திரும்பி வந்த பிறகுதான், ஆயில் மில் ஆபீஸில் என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர் நம் ஊரிலேயே ஆள் இருப்பதாகச் சொன்னார். நான் இந்த ஊரில் 30 வருஷமாக இருக்கிறேன். மீன் வாங்கப் போகிற வழியில், சைக்கிள் கடைக்குப் பின் சந்தில் இருக்கிற பட்டறை கண்ணில் பட்டதே இல்லை. பெயர்ப்பலகை இருந்தால்தானே படும். எழுதப்போகிறேன் என்றதற்கும், "பேர் போடாதீங்க, இப்பவே வேலை மலையா கிடக்கு" என்று சொல்லிவிட்டார்.

தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர். பிறகு சிங்கப்பூரில் ஒரு பியானோ, வயலின் பட்டறையில் 11 வருஷம். வயலினைக் கையில் வாங்கியதும் விலை சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்டார். "உட்கார்ந்து வாசிக்கிறதா, நின்னுக்கிட்டா? சுருதி என்ன? இதை முன்னாடி யாரு திறந்தா?"

உட்கார்ந்துதான், ரெண்டு கட்டை என்றேன். மூன்றாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. கழுத்து உடலோடு சேரும் இடத்தில் கண்ணாடி மாதிரி மஞ்சளாக ஏதோ வழிந்து காய்ந்திருந்ததைக் காட்டினார். எபோக்சி என்ற கெமிக்கல் பசை. அம்மாவைக் கேட்டேன். தாத்தாவின் கடைசிக் காலத்தில் கழுத்து ஆடியது என்று நாற்காலி மேசை செய்கிற ஒரு கடையில் கொடுத்து ஒட்டி வாங்கியதாகச் சொன்னார். அந்தக் கடை இப்போது இல்லை. அந்தப் பசை மட்டும் இருக்கிறது.

இந்த விஷயத்தில் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எந்தக் கடையிலும் யாரும் சொல்லவில்லை. வயலினை ஒட்டுவது மாட்டுத்தோலிலிருந்து எடுக்கிற பசையில். கற்கண்டுத் தூள் மாதிரி இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து, 60 டிகிரி சூட்டில் இளக்குகிறார். அதற்கு அவர் வைத்திருப்பது குழந்தைக்குப் பால்புட்டி சூடாக்குகிற மெஷின். பசை கொதித்துவிட்டால் பிடிப்பு போய்விடுமாம். இந்தப் பசையின் சிறப்பே, தேவைப்படும்போது விட்டுக்கொடுப்பதுதான். நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் மரம் உப்பும், சுருங்கும். அப்போது பசை விட்டால் ஓரம் மட்டும்தான் திறக்கும், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். பசை விடாவிட்டால் மரம் பிளக்கும். எபோக்சி மரத்தைவிட உறுதி. அதனால்தான் எங்கள் வயலினின் மேல்பலகை, வலப்பக்க எஃப் துளையிலிருந்து கீழ்நோக்கி ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது என்பது அவர் கணிப்பு.

"எனக்குப் பின்னாடி இன்னொருத்தன் இதைத் திறப்பான் தங்கச்சி. அவன் என்னைத் திட்டக்கூடாது."

மாட்டுத்தோல் என்றதும் என் முகம் ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். "பஜனைக்கு மிருதங்கம் வாசிக்கிறாங்களே, அது என்ன வாழைத்தோலா?" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

லேபிள் விவகாரத்தையும் அன்றைக்கே முடித்துவிட்டார். ஒரு சின்னப் பல் டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டு, என்னை எட்டிப் பார்க்கச் சொன்னார். ஸ்ட்ராடிவாரி பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் 'மேட் இன் செக்கோஸ்லோவாகியா'. அந்த நாடே 1918இல்தான் பிறந்தது. ஸ்ட்ராடிவாரி செத்தது 1737இல். பொஹிமியாவில் ஷோன்பாக் என்ற ஊரில் வீட்டுக்கு வீடு வயலின் வேலை நடந்ததாம். ஒரு வீட்டில் சுருள் தலை மட்டும் செதுக்குவார்கள், இன்னொரு வீட்டில் மேல்பலகை மட்டும். எல்லாம் ஒரு முதலாளியிடம் போய்ச் சேரும், அங்கே பூட்டி, லேபிள் ஒட்டி, உலகம் முழுக்க அனுப்புவார்கள். ஏமாற்றுவதற்கு ஒட்டியது இல்லை, 'இந்த மாடலைப் பார்த்துச் செய்தது' என்று சொல்வதற்குத்தானாம். "நம்ம தோட்டம் மாதிரிதான். பால் வெட்டுறவன் ஒருத்தன், ஷீட்டு போடுறவன் ஒருத்தன், பேரு கம்பெனிக்கு" என்றார்.

பிறகுதான் விலை. "நல்லா செஞ்சாலும் 3,000 வெள்ளிக்கு மேல இது போகாது. ரிப்பேரு 1,450 ஆகும். விக்கிறதுக்குன்னா வேணாம். பையன் வாசிப்பான்னா செய்யலாம்." சித்தப்பாவிடம் இதை அப்படியே சொன்னேன். பாகப்பிரிவினைப் பேச்சு நின்றது. ரிப்பேர் செலவில் பாதியை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டதும் போனும் நின்றது.

மேல்பலகையைத் திறக்கிற சனிக்கிழமை பார்க்க விட்டார். வெண்ணெய்க் கத்தி மாதிரி மெல்லிய, மழுங்கிய கத்தி. ஓரத்தில் நுழைத்து ஒரு திருப்பு, 'டிக்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் நகர்த்தி மறுபடியும் ஒரு 'டிக்'. சத்தம் வேறு மாதிரி வந்தால் உடனே கையை நிறுத்திவிடுகிறார், மரம் கிழியப் போகிறது என்று அர்த்தமாம். முக்கால் மணி நேரம் அவரும் பேசவில்லை, நானும் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை. திறந்ததும் இருவரும் சிரித்துவிட்டோம். உள்ளே பெருவிரல் அளவுக்கு ஒரு குளவிக் கூடு, மண்ணில் கட்டி, வேலை சுத்தமாக. பக்கத்தில் காலியான இரண்டு பல்லி முட்டை ஓடு. உருண்டுகொண்டிருந்தது விழுந்து கிடந்த சவுண்ட் போஸ்ட் என்ற குச்சி.

வெடிப்பைச் சேர்த்து ஒட்டி, உள்பக்கம் சின்னச் சின்னதாக 7 மரத்துண்டு வைத்திருக்கிறார், மேல்பலகையின் ரேகைக்குக் குறுக்காக. மரம் ஸ்புரூஸ். எங்கிருந்து என்றால், ஈப்போவில் யாரோ தூக்கிப்போட்ட பழைய பியானோவின் ஒலிப்பலகையிலிருந்து. அதைப் பார்த்தாலே மனிதருக்கு முகம் மலர்கிறது. "இந்த மாதிரி காய்ஞ்ச மரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது." எபோக்சி போட்ட கழுத்தைக் கழற்றத்தான் காலம் போனது. சூடான கத்தி, கொஞ்சம் கொஞ்சமாக, பல நாள். அப்படியும் கொஞ்சம் மேப்பிள் மரம் பெயர்ந்து வந்துவிட்டது. சின்னச் சில் வைத்து நிரப்பினார். 11 வாரத்தில் பாதி அந்த நாற்காலிக்கடைக்காரர் கணக்கில் எழுத வேண்டியது.

மேலே பாலிஷ் போட்டுப் புதுசாக்கித் தரச் சொன்னேன். முடியாது என்றார். அரை மணி நேரம் கெஞ்சினேன். பழைய வார்னிஷை உரித்தால் சத்தமும் மாறும், இருக்கிற விலையும் போகும் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வெடிப்பு ஓடிய கோட்டில் மட்டும் நிறம் தொட்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அது கொஞ்சம் சிவப்புத் தூக்கல். வெளிச்சத்தில் தெரிகிறது.

சவுண்ட் போஸ்ட் என்பது 6 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு ஸ்புரூஸ் குச்சி, அவ்வளவுதான். கம்பிகளைத் தாங்குகிற குதிரையின் வலக்காலுக்குச் சற்றுப் பின்னால், மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் நிற்கிறது. பசை கிடையாது, இறுக்கத்தில்தான் நிற்கும். பிரெஞ்சுக்காரர்கள் இதை வயலினின் 'ஆன்மா' என்கிறார்களாம். மூடிய வயலினுக்குள் எஃப் துளை வழியாக, வளைந்த கம்பியில் குத்தி அதை நிறுத்துவதைப் பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டு மகனை வாசிக்கச் சொன்னார். தூக்கலாகக் கீச்சிட்டது. மயிரிழை நகர்த்தினார். கீழ்ஸ்தாயி பஞ்சமம் அடைத்துக்கொண்டது. மறுபடியும் நகர்த்தினார். இப்படி ஒரு மணி நேரம். கடைசியில் மகன் கீழ் ஷட்ஜத்தில் வில்லை இழுத்தபோது நாற்காலியில் இருந்த தபேலா தானாக முனகியது. "போதும், இறக்கி வை" என்றார்.

சுருதி ஏன் கேட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. நம் கர்நாடக முறையில் கம்பிகளை மேல்நாட்டு முறையைவிட இறக்கித்தான் கட்டுகிறோம். கம்பி தளர்ந்தால் அதிகமாக ஆடும், விரல்பலகையில் இடித்து 'ஜிவ்'வென்று இரையும். அதைக் கணக்கில் வைத்துக் குதிரையைச் செதுக்கினார். தாத்தா தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டு வாசித்த கருங்காலி விரல்பலகையில் குழி விழுந்திருந்தது, அதையும் இழைத்துச் சமமாக்கினார். கம்பியை முறுக்குகிற பிருடைகள் புதுசு. மூன்று நன்றாகத் திரும்புகின்றன. நாலாவது மழை நாளில் இறுகிக்கொள்கிறது. சொல்லியிருக்கிறேன், "அடுத்த வாரம்" என்றிருக்கிறார்.

தைப்பூசத்துக்கு முன் கொடுத்தது, சித்திரைப் புத்தாண்டு நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கையில் வந்தது. அந்த 11 வாரமும் மகனின் வகுப்புக்கு வாடகை வயலின், அதற்கு மாதம் 60 வெள்ளி தனி. விலையில் மட்டும் சொன்ன 1,450இலிருந்து ஒரு சென் ஏறவில்லை. பில் ஒரு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், தமிழில், வரிவரியாக எழுதித் தந்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வில்லை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "வில்லுக்கு நான் ஆளில்ல" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். எங்கள் வில்லின் முடியைத் தின்றது ஒரு பூச்சி, இருட்டில் மூடியே கிடக்கிற பெட்டியில்தான் வருமாம். வாரம் ஒரு முறையாவது பெட்டியைத் திறந்து வெளிச்சம் காட்டச் சொன்னார். கார் பூட்டில் வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், பசை இளகிவிடும். ரொக்கம் கொண்டுபோங்கள். காலை 10 மணிக்கு முன் கதவு திறக்காது. வெள்ளிக்கிழமை மதியம் கோயிலில் இருப்பார். போன் அடிக்காமல் நேரில் போங்கள், போகும்போது ஒரு கொசுவத்தியும்.