எண் காட்டும் கார்பன் மோனாக்சைடு அலாரம்: விடுமுறைப் பெட்டியில் ஓர் இடம் கொடுங்கள்

குளிர்கால விடுமுறையில் ஜன்னல்கள் எந்நேரமும் சாத்தியே இருக்கும், எரிபொருளில் ஓடும் ஹீட்டரோ கணப்போ எரிந்துகொண்டே இருக்கும். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வீட்டுக்குள் சேர இது போதும். நிறமோ மணமோ கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று காய்ச்சல் வரப்போவது போலத்தான் தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது. புகை அலாரம் இதற்கு உதவாது.

நாங்கள் வாங்கியது கையடக்கமான, பேட்டரியில் ஓடும் அலாரம். வாயுவின் அளவைத் திரையில் எண்ணாகக் காட்டும். எண் இல்லாத மாடலும் கடையில் இருந்தது. அதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

காரணம் இதுதான். இஎன் 50291 என்ற ஐரோப்பியத் தரவிதிப்படி, காற்றில் இந்த வாயு 50 பிபிஎம் (அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் அலாரம் 60 முதல் 90 நிமிடத்துக்குள் அடிக்கும். 300 பிபிஎம் ஆனால் 3 நிமிடத்துக்குள். சும்மா சும்மா அலறாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள், அது சரி. ஆனால் வீட்டில் கர்ப்பிணியோ இதய நோயாளியோ இருந்தால் அவ்வளவு நேரம் யார் காத்திருப்பது?

விடுமுறைக்கு எடுத்த வாடகை வீட்டில் விறகுக் கணப்பு இருந்தது. இரவு நெருப்பு அடங்கித் தணல் மட்டும் கிடந்தபோது, குளிர் இறங்குகிறதென்று மாமா புகைபோக்கியை மூடும் தட்டைச் சாத்திவிட்டார். தணல் முழுக்க அணையும்வரை அதைச் சாத்தவே கூடாது. அரைகுறையாக எரியும் கங்குதான் இந்த வாயுவை அதிகம் விடும். பூஜ்ஜியத்திலேயே நின்றிருந்த திரை 34 காட்டியது, பார்க்கப் பார்க்க 41. சத்தம் இன்னும் வரவில்லை. தட்டையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டு எல்லோரையும் கம்பளியோடு வாசலுக்குக் கூட்டிப்போனோம். எண் இல்லாத மாடலாக இருந்திருந்தால் அப்படியே படுத்திருப்போம்.

குறைகளும் உண்டு. 30 பிபிஎம்முக்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் பூஜ்ஜியம்தான் காட்டுகிறது. டெஸ்ட் பட்டன் ஒலியையும் பேட்டரியையும்தான் சோதிக்கும், சென்சாரை அல்ல. கடும் குளிரில் வேலை செய்யும் என்ற உத்தரவாதமும் கிடையாது, ஆகவே காருக்கு இதை நம்ப வேண்டாம். கார் பனியில் சிக்கிக்கொண்டால், இறங்கிப்போய் சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள பனியை வழித்துவிட்ட பிறகே எஞ்சினைப் போடுங்கள். குழாய் அடைத்திருந்தால் புகை உள்ளேதான் வரும். நின்ற இடத்திலேயே பனி கொட்டிக்கொண்டிருந்தால் மறுபடியும் இறங்கிப் பாருங்கள்.

வீட்டில் படுக்கையறைக்குப் பக்கத்தில் வையுங்கள். ஜன்னலை ஒட்டியோ திரைச்சீலைக்குப் பின்னாலோ வேண்டாம். அப்புறம், வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பி, எந்த ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்ற தேதியைப் பாருங்கள். சென்சாருக்கு ஆயுள் உண்டு, அலமாரியில் நாள்பட்டுக் கிடந்ததை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.