வியன்னா ஈஜியு மாநாடு: வேலை தேடுகிறவர் போகலாமா?

ஆண்டுதோறும், பெரும்பாலும் ஏப்ரலில், சில ஆண்டுகள் மே மாதத்தில், வியன்னாவில் ஒரு வாரம் நடக்கும் ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் மாநாட்டை, அதாவது எல்லோரும் ஈஜியு என்று சொல்வதை, ஒரே ஒரு கேள்வியோடு மட்டும் இங்கே பார்க்கிறேன். பிஎச்.டி. முடிக்கப்போகிற, அல்லது முடித்துவிட்டு அடுத்த போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) எங்கே என்று தேடுகிற ஒருவர், வழிகாட்டியின் திட்டப் பணத்திலோ கைக்காசிலோ அங்கே போனால் வேலை விஷயத்தில் ஏதாவது தேறுமா? தேறும். ஆனால் வேலைக்கென்று அவர்கள் ஒதுக்கியிருக்கும் மூலையில் தேறாது.

முதலில் அந்த மூலையைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். வேலை அறிவிப்புகளை ஒட்ட ஒரு பலகை, இணையத்தில் ஒரு பட்டியல். பலகையில் இருப்பதில் பெரும்பாலானவை எப்படியும் உங்கள் மின்னஞ்சலுக்கு வந்து சேர்ந்திருக்கும், ஒட்டியவர் பக்கத்தில் நிற்கவும் மாட்டார். போகிற வழியில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம், அதற்கு மேல் நேரம் கொடுக்கத் தேவையில்லை.

நேரத்தைக் கொடுக்க வேண்டிய இடம் போஸ்டர் கூடம், அதாவது ஆய்வு முடிவுகளைப் பெரிய தாளில் அச்சிட்டு ஒட்டி, பக்கத்தில் நின்று விளக்கும் இடம். 2024-ல் 18,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்த மாநாடு இது, வளிமண்டலம், நீரியல், நிலநடுக்கவியல், கோள் அறிவியல் என்று 22 பிரிவுகள். இவ்வளவு பெரிய கூட்டத்தில் யாரைப் பிடிப்பது என்று முதல்முறை போகிறவர்களுக்குத் தலை சுற்றும். ஆனால் போஸ்டர்கள் அமர்வு வாரியாக ஒட்டப்படுவதால் உங்களுக்கு இடது பக்கமும் வலது பக்கமும் நிற்பவர்கள் நீங்கள் செய்யும் அதே வேலையை வேறு கணினி மாதிரியோடு, வேறு செயற்கைக்கோள் தரவோடு செய்கிறவர்கள். அவர்களைப் பார்க்க அவர்களுடைய பேராசிரியர்கள் வருவார்கள், வந்தவர்கள் இரண்டடி நகர்ந்தால் உங்கள் முன்னால். புதுத் திட்டத்துக்குப் பணம் வந்துவிட்டது, இன்னும் விளம்பரம் போடவில்லை, ஆள் தேடுகிறோம் என்கிற பேச்செல்லாம் இங்கேதான் நடக்கிறது. போஸ்டர் அமர்வுக்கு ஒதுக்கிய அந்த ஒன்றே முக்கால் மணி நேரம் போஸ்டரை விட்டுவிட்டுக் காபிக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதே இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை, சின்னது என்றாலும் ஒவ்வொரு வருடமும் யாராவது மாட்டுகிறார்கள். ஈஜியு பலகை 197 சென்டிமீட்டர் அகலம், 100 சென்டிமீட்டர் உயரம், படுக்கைவாட்டு. வேறு மாநாட்டுக்குச் செய்த நெட்டுவாக்கு ஏ-0 தாள் அளவுப் போஸ்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தால் அதன் உயரம் ஏறத்தாழ 119 சென்டிமீட்டர், கீழே தொங்கும். வேலை கேட்கப் போகிற இடத்தில் அது நல்ல அறிமுகம் இல்லை.

மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பும்போது வாய்மொழி உரையா போஸ்டரா என்று விருப்பம் கேட்பார்கள். உரை கிடைத்தால் பெருமை, சுயவிவரத்தில் போட்டுக்கொள்ளலாம், மறுக்கவில்லை. ஆனால் உரைக்குக் கிடைப்பது கேள்வி நேரத்தையும் சேர்த்துப் பத்து நிமிடம், முடிந்ததும் அடுத்தவர் மேடை ஏறிவிடுவார், உங்களிடம் பேச நினைத்தவர் வேறு அறைக்கு ஓடியிருப்பார். பிகோ என்று நடுவாந்திரமான ஒன்றும் உண்டு: எல்லோரும் வரிசையாக இரண்டு நிமிடம் பேசிவிட்டு, பிறகு ஆளுக்கொரு தொடுதிரை முன்னால் நின்று விளக்க வேண்டும். கூச்சம் அதிகம் உள்ளவர்களுக்கு இது நல்லது, ஏனென்றால் அந்த இரண்டு நிமிடத்தைக் கேட்டு ஆர்வம் வந்தவர்கள் தாங்களாகவே தேடி வருவார்கள். வேலைதான் நோக்கம் என்றால் போஸ்டர், அப்புறம் பிகோ, கடைசியில் உரை. உங்கள் வழிகாட்டி இதை ஏற்கமாட்டார், பரவாயில்லை.

ஆனால் இதெல்லாம் தானாக நடக்காது. நிகழ்ச்சி நிரல் சில வாரங்கள் முன்பே இணையத்தில் வந்துவிடும், பெயர் போட்டுத் தேடலாம். நீங்கள் சேர விரும்பும் குழுவில் யார் வருகிறார்கள் என்று பார்த்து, மூன்று வரியில் மின்னஞ்சல்: என் போஸ்டர் இந்த நாள், இந்தப் பலகை, உங்கள் திட்டத்தோடு தொடர்புள்ள ஒரு முடிவு இருக்கிறது, வர முடியுமா. சுயவிவரத்தை இணைக்க வேண்டாம். மாநாடு தொடங்கிய பிறகு அனுப்பினால் யாரும் பார்க்கமாட்டார்கள், அவர்களுடைய அட்டவணை அதற்குள் நிரம்பியிருக்கும்.

இளம் ஆய்வாளர்களுக்கான குறும் வகுப்புகள் கலவையானவை. நிலநடுக்கவியல் அடிப்படை, புவியியல் அடிப்படை மாதிரி வகுப்புகள் மற்ற துறையிலிருந்து வருகிறவர்களுக்கு அருமை. பணி வாழ்க்கை பற்றிய சிலவற்றில் மேடையில் இருப்பவர்கள் தங்கள் கதையைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். முதல்முறை வருகிறவரை அனுபவசாலி ஒருவரோடு சேர்த்துவிடும் வழிகாட்டல் திட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள், ஓரளவு அதிர்ஷ்டம்தான், நஷ்டம் எதுவும் இல்லை. கடைசிப் பட்டம் வாங்கி ஏழு ஆண்டுகளுக்குள் இருப்பவர்கள் இளம் ஆய்வாளர் கணக்கில் வருவார்கள், குழந்தை வளர்ப்புக்கு எடுத்த விடுப்புக்குத் தளர்வும் உண்டு.

காலக் கணக்குதான் பலர் கவனிக்காதது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியர் பதவிகள் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் விளம்பரமாகி, குளிர்காலத்தில் நேர்காணல் நடந்து, ஏப்ரலில் ஏறக்குறைய முடிந்துவிடும். அதைக் குறிவைப்பவருக்கு டிசம்பரில் நடக்கும் ஏஜியு (அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம்) மாநாடுதான் பொருந்தும், கூட்டம் இன்னும் அதிகம், ஊரும் மாறிக்கொண்டே இருக்கும். ஈஜியு சரியாகப் பொருந்துவது ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி போஸ்ட்டாக் நிதிக்கு. அதன் கடைசித் தேதி வழக்கமாகச் செப்டம்பரில், அதற்கு உங்களை ஏற்கும் ஒரு பேராசிரியர் வேண்டும், ஏப்ரலில் ஆளைப் பிடித்தால் சேர்ந்து எழுத ஒரு கோடைக்காலம் முழுக்கக் கையில் இருக்கும். பிஎச்.டி. முடித்து எட்டு ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும், போகப்போகிற நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையைப் பேச்சின் ஆரம்பத்திலேயே சரிபார்த்துவிடுங்கள்.

கோள் அறிவியல்காரர்களுக்கு மட்டும் என் மதிப்பெண் குறைவு. அதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, ஆனால் நிலா, செவ்வாய்ப் பாறைகளைப் பற்றிய கூட்டம் மார்ச் மாதம் அமெரிக்காவில் ஹூஸ்டன் பக்கம் நடக்கும் எல்பிஎஸ்சி என்கிற நிலா, கோள் அறிவியல் மாநாட்டில்தான் கூடும். 1970-ல் அப்போலோ 11 கொண்டுவந்த கற்களைப் பற்றிப் பேசக் கூடியதிலிருந்து தொடரும் மாநாடு அது. ஐரோப்பாவிலேயே என்றால் செப்டம்பர் மாத இபிஎஸ்சி என்கிற ஐரோப்பியக் கோள் அறிவியல் மாநாடு இருக்கிறது. ஒன்றுக்குத்தான் பணம் என்றால் ஈஜியுவை விட்டுவிடலாம்.

செலவு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. பதிவுக் கட்டணம் தனி, சுருக்கம் அனுப்பத் தனி, அது திரும்பியும் வராது, முதல் ஆசிரியர் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். ஈஜியு தரும் ரோலண்ட் ஷ்லிக் பயண உதவி கேட்க நினைத்தால் பொதுவான கடைசித் தேதியான ஜனவரியை நம்பாதீர்கள், அதற்கு டிசம்பர் ஆரம்பத்திலேயே சுருக்கம் போய்ச் சேர வேண்டும். ஆஸ்திரியாவுக்குள் நுழைய ஷெங்கன் விசா தேவைப்படுபவர்கள், முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள், அதுவும் விசா மையத்தில் நேரம் கிடைத்து விண்ணப்பம் கொடுத்த பிறகுதான்.

இணையவழியில் கலந்துகொண்டால் போதாதா என்றால், உரைகளைக் கேட்கப் போதும், தரமும் மோசமில்லை. வேலைக்கு என்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, உங்களுக்கு வேண்டிய குழுவுக்கே நேராகப் போய் ஒரு கருத்தரங்க உரை கொடுக்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள்.