தியேட்டர் வாசலில் மைக் நீட்டுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் புதுப் படம் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படம் முடிந்து வெளியே வரும்போது ‘பப்ளிக் ரிவ்யூ’ என்று சொல்லி மைக்கை நீட்டுகிறவர்கள், எந்தச் சேனல் என்று கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் மழுப்பினால், அவர்களிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். எங்கள் வீட்டுப் பெரியவர் பேசியதை வெட்டி ஒட்டி, அவர் சொல்லவே சொல்லாத ஒரு கருத்தை அவர் வாயாலேயே சொல்ல வைத்து வெளியிட்டுவிட்டார்கள்.

2025 டிசம்பர் 19 அன்று வெளியான ‘அவதார்: ஃபயர் அண்ட் ஆஷ்’ படத்தை அந்த வார இறுதியிலேயே பார்க்க வேண்டும் என்று விரும்பியவர் என் அத்தைதான். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 2009இல் வந்த முதல் பாகத்தையும் 2022இல் வந்த இரண்டாம் பாகத்தையும் தியேட்டரில் பார்த்தவர் என்பதால், மூன்றாவதை மட்டும் வீட்டு டிவியில் பார்க்க அவருக்கு மனமில்லை. அவருடைய பேரனையும் அழைத்துக்கொண்டு தமிழ் டப்பிங் 3டி காட்சிக்குப் போனோம்.

அரங்கில் இருந்தவர்கள் படத்தை ஏற்றுக்கொண்ட விதம் ஒரே மாதிரியாக இருக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சாம்பல் இனத்தின் தலைவியாக வரும் வராங் திரையில் தோன்றிய காட்சிகளில் பின்வரிசைகளிலிருந்து விசில் பறந்தது. சண்டைக் காட்சிகளில் குழந்தைகள் கையை நீட்டித் திரையிலிருந்து எதையோ பிடிக்கப் பார்த்தார்கள். அதே சமயம், மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம் என்பதால் நடுவில் பலர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு செல்போனைப் பார்க்கத் தொடங்கியதையும், எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவர் நிம்மதியாகத் தூங்கியதையும் மறைக்க வேண்டியதில்லை. கண்ணுக்கு நிறைவு, கதையில் முந்தைய பாகத்தின் சாயல் அதிகம் என்பதுதான் படிக்கட்டில் இறங்கும்போது என் காதில் விழுந்த பேச்சின் பொதுவான சாரம். ஜேம்ஸ் கேமரூன் படத்துக்கு இப்படிக் கலவையான பேச்சு எழுவதில் தவறொன்றும் இல்லை.

வாசலில் இரண்டு இளைஞர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் சேனல் பெயர் எதுவும் இல்லாத கறுப்பு மைக், மற்றவர் கையில் கிம்பலில் (படம் ஆடாமல் பிடிக்க உதவும் கைப்பிடியில்) பொருத்திய செல்போன். எங்களுக்கு முன்னால் பேசிய ஒருவரை, “அண்ணா, இன்னும் கொஞ்சம் கோபமா சொல்லுங்க” என்று சொல்லி மறுபடியும் பேச வைத்ததை நான் பார்த்தேன். பிறகு அத்தையிடம் வந்து, “அம்மா, ரெண்டாம் பாகம் அளவுக்கு இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்களே, நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்கள். கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுக்கிற இந்த முறையைக் கவனியுங்கள். அத்தை நிதானமாக, “போன பாகத்தையே திரும்பப் பார்க்கிற மாதிரி சில இடங்கள் இருந்தது உண்மைதான், ஆனால் அந்தக் கடலும் நெருப்பும் இருக்கே, அதைப் பெரிய திரையில்தான்ப்பா பார்க்கணும்” என்றார். உடனே மைக் வைத்திருந்தவர், படத்துக்குச் சம்பந்தமில்லாமல், இடைவேளையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். “பாப்கார்ன் வாங்கினோம், கொடுத்த காசு தண்டம்” என்று அத்தை சிரித்துக்கொண்டே சொன்னார்.

வெளிவந்த வீடியோவில் அத்தை பேசுவது இவ்வளவுதான்: “போன பாகத்தையே திரும்பப் பார்க்கிற மாதிரி… கொடுத்த காசு தண்டம்.” இடையில் பேரனின் முகத்தை ஒரு கணம் காட்டி, வெட்டிய இடம் தெரியாமல் மூடியிருந்தார்கள். முகப்புப் படத்தில் அத்தை வாய் திறந்திருக்கும் நிலையில் முகத்தைப் பெரிதாக்கி, பின்னால் தீயை எரியவிட்டு, ‘கதறிய பாட்டி’ என்று எழுதியிருந்தார்கள். கீழே அவருடைய வயதையும் சேலையையும் கேலி செய்தவர்கள் எழுதியதை இங்கே திரும்ப எழுத எனக்கு விருப்பமில்லை. பண்ருட்டியிலும் நெய்வேலியிலும் இருக்கிற உறவினர்கள் அதை அத்தைக்கே அனுப்பி, “என்ன டீச்சர், பிரபலமாயிட்டீங்க” என்று விசாரித்தார்கள்.

இன்னொரு மோசடியும் உண்டு. தலைப்பில் ‘சென்னை ரசிகர்கள் கொந்தளிப்பு’ என்று போட்டிருந்தார்கள். ஆனால் அத்தைக்குப் பின்னால் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களில் ‘பிஒய்’ என்று தொடங்கும் புதுச்சேரிப் பதிவு எண்கள் தெளிவாகத் தெரிந்தன. போதாக்குறைக்குப் புதுச்சேரிக் காவலர் ஒருவர் சிவப்புத் தொப்பியோடு குறுக்கே நடந்து போனார். சென்னையில் எந்தக் காவலர் சிவப்புத் தொப்பி போடுகிறார்?

விமர்சனமே கூடாது என்கிற கட்சியைச் சேர்ந்தவன் அல்லன் நான். 2024 நவம்பரில், பெரிய படங்கள் சில அடிபட்டதைத் தொடர்ந்து, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை அனுமதிக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர் சங்கமொன்று கேட்டபோது, அது டிக்கெட் வாங்கியவனின் வாயை அடைக்கிற முயற்சி என்றே நினைத்தேன். அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம், விமர்சனம் என்பது கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி இடைக்காலத் தடை விதிக்க மறுத்ததும் சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒருவர் சொன்ன கருத்தை வெளியிடுவதும், அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களின் தலையையும் வாலையும் எடுத்து மூன்றாவது ஒன்றைச் செய்வதும் ஒன்றாகிவிடுமா? பாராட்டு வேண்டும் என்று பணம் கொடுக்கப்பட்டிருந்தால் இதே கத்தரி எதிர்த் திசையிலும் வெட்டியிருக்கும்.

இப்படிச் சிக்கிக்கொண்டவர்களுக்கு ஒரு தகவல். வீடியோவில் உங்கள் முகமும் குரலும் அடையாளம் தெரியும்படி இருந்தால், யூடியூபில் தனியுரிமைப் புகார் அளிக்கும் வசதி இருக்கிறது. சிறுவர்கள், கணினி வசதி இல்லாதவர்கள் போன்ற விதிவிலக்குகள் தவிர, பாதிக்கப்பட்டவரே புகார் கொடுக்க வேண்டும். ஆகவே அத்தையின் கணக்கிலிருந்தே கொடுத்தோம். முகம் தெரிகிற நிமிடத்தையும் நொடியையும் குறிப்பிடக் கேட்பார்கள். புகாரைத் தொடர்ந்து, வெளியிட்டவர் தானாகச் சரிசெய்துகொள்ளப் பொதுவாக 48 மணி நேர அவகாசம் தரப்படுகிறது. புகார் கொடுப்பதற்கு முன் முழு வீடியோவையும் தலைப்பு தெரியும்படி ஸ்க்ரீன் ரெக்கார்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நீக்கப்பட்ட பிறகு கையில் ஆதாரம் எதுவும் இருக்காது.

எங்கள் விஷயத்தில் வீடியோ நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதன் துண்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் இன்னும் சுற்றுகிறது. உங்களுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள். விடுமுறை நாள்களில் பெரிய படம் எது வந்தாலும் இப்படிப்பட்டவர்கள் வாசலில் நிற்பார்கள். “முகம் தெரியாதும்மா, ப்ளர் பண்ணிடுவோம்” என்று அத்தையிடம் சொல்லித்தான் அவர்கள் மைக்கையே நீட்டினார்கள்.