பழைய பென்ஸை விற்றோம், ஏழரை லட்சம் இன்னும் வரவில்லை. கார் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

கோவையில் பழைய வெளிநாட்டுக் கார்களை வாங்கி விற்கும் ஒரு ஷோரூமில் எங்கள் ஏழரை லட்சம் மாட்டிக்கொண்டிருக்கிறது. பெயரை இப்போதைக்குப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். வாசலில் ‘விண்டேஜ்’ என்று போர்டு, உள்ளே பாலிஷ் போட்ட நாலைந்து வண்டி, தினம் ஒரு ரீல்ஸ். அந்த ரகம். 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி ஐம்பது வருடம் தாண்டினால்தான் விண்டேஜ். அங்கே நின்ற ஒரு வண்டிக்கும் அந்த வயது இல்லை. போர்டிலேயே பொய்.

எங்கள் வண்டி பென்ஸ் 300 சிடி. 1983 மாடல், இரண்டு கதவு, ஐந்து சிலிண்டர் டர்போ டீசல். அமெரிக்காவின் எரிபொருள் சிக்கன விதியைச் சமாளிக்க, அந்தப் பக்கத்துச் சந்தைக்கென்றே பென்ஸ் போட்ட கூபே இது. ஜெர்மனிக்காரர்களே தங்கள் ஊர் ஷோரூமில் வாங்க முடியாத வண்டி. மில் குடும்பத்துப் பையன் ஒருவர் அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்தது. ஸ்டீயரிங் இடது பக்கம். தொண்ணூறுகளில் அப்பா அவர்களிடமிருந்து வாங்கினார். பொள்ளாச்சியில் எங்கள் தோட்டத்துச் சாளையில்தான் நிற்கும். வெயிலையும் பார்த்ததில்லை, மழையையும் பார்த்ததில்லை. வால்வு கிளியரன்ஸ் பார்த்தது, ஆயில் மாற்றியது, எந்த பங்கில் எத்தனை லிட்டர் டீசல் என்று அத்தனையும் அப்பா ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். ‘எழுதி வைத்திருந்தார்’ என்று ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

அப்பாவுக்குக் கண் சரியில்லை. எனக்கு ஓட்ட நேரமில்லை. போதாக்குறைக்கு, இருபது வருடம் தாண்டிய இறக்குமதிக் காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 40,000 ரூபாயாக இருந்ததை 2025இல் 80,000 ஆக்கிவிட்டார்கள். சரி, அருமை தெரிந்த ஒருவர் கையில் போகட்டும் என்று முடிவு செய்தோம்.

அந்த ஷோரூமிலிருந்து பார்க்க வந்தவர் கிலோமீட்டர் எத்தனை என்றுகூடக் கேட்கவில்லை. சாவியைத் திருப்பி, டீசல் இன்ஜினை முதலில் சூடாக்கும் குளோ பிளக்கின் விளக்கு அணையும்வரை பொறுமையாகக் காத்திருந்து ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி அந்த ஓட்டையின் மேலேயே வைத்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினாக இருந்தால் உள்ளே இருந்து வரும் காற்றில் மூடி துள்ளிக் கீழே விழும். எங்களுடையது லேசாக ஆடிக்கொண்டு அங்கேயே நின்றது. அவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார், அப்பாவும் சிரித்தார். அப்புறம் நாலு கண்ணாடியையும் இறக்கினார். இந்தக் காருக்கு நடுத்தூண் கிடையாது, கண்ணாடியை இறக்கினால் பக்கவாட்டு முழுக்கத் திறந்துவிடும். அந்தத் திறப்பில் கையை வைத்துக்கொண்டு, “அப்பா, இதெல்லாம் ஜி.டி. நாயுடு மியூசியத்துல நிக்க வேண்டிய வண்டிங். விக்கறதுக்கே மனசு வராதுங்” என்றார். திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். வண்டி தெரிந்த மனுசன் என்று யாருக்குத்தான் தோன்றாது? மதியச் சாப்பாடும் எங்கள் வீட்டில்தான். அம்மா இரண்டாவது முறை ரசம் ஊற்றினார். தின்றுவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்திருக்கிறார்.

பதினொன்றரை லட்சத்துக்குப் பேசி முடித்தோம். நாலு லட்சம் அன்றைக்கே ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் வந்தது. மீதி ஏழரை லட்சத்தை ரொக்கமாகத் தருகிறேன் என்றார். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டத்தில் அபராதம் நமக்குத்தான் வரும் என்பதால் வேண்டாம் என்றேன். ஜூன் மாதத் தேதி போட்டுச் செக் கொடுத்தார். ஆர்.சி., இரண்டு சாவி, பேர் மாற்றுவதற்காகக் கையெழுத்துப் போட்ட ஃபாரம் 29, 30 எல்லாம் வாங்கிக்கொண்டார். “பார்ட்டிக்குக் காட்டணுமுங்ணா” என்று நோட்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

செக் தேதி வந்ததும் போன் வந்தது. “அண்ணா, செக்கப் போட்டறாதீங். ரெண்டு நாள்ல ஆர்.டி.ஜி.எஸ்.ஸே பண்ணியுட்டறனுங்.” அதற்கப்புறம் பாருங்கள். ஜி.எஸ்.டி. ஆடிட் ஓடுகிறது. கணக்குப் பார்க்கிற பொண்ணு லீவு. முதலாளி மருதமலைக்குப் போயிருக்கிறார் (இவர்தான் முதலாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்). அப்புறம் ஆடி பிறந்தது. “ஆடி மாசத்துல எவனுங்ணா வண்டி எடுப்பான்? ஆவணி ஒண்ணாந்தேதி உங்க பணம் உங்க கையில.” நேரில் போனால் காபி வரும், பணம் வராது. ஏழரை லட்சம் என்று தொகையைச் சொன்னாலே, “பெரிய வார்த்தையெல்லாம் எதுக்குங்ணா” என்று தோளில் கை போடுவார்.

கொஞ்ச நாளில் பேச்சு மாறியது. சாவியை எடுத்தாலும் இன்ஜின் நிற்கவில்லையாம், பார்ட்டி வேண்டாம் என்கிறாராம், வண்டி பெயிண்டிங் செட்டில் கிடக்கிறதாம், இரண்டு லட்சம் குறைத்தால் முடித்துவிடலாமாம். கேட்டதும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. இந்த இன்ஜினை அணைப்பதே வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுவிசைதான். சாவியைத் திருப்பினால் வேக்குவம் ஹோஸ் வழியாகப் போய் இன்ஜெக்‌ஷன் பம்பில் டீசலை அடைக்கும். எங்கேயாவது ஒரு ரப்பர் ஹோஸ் கழன்றிருந்தால் இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதற்காகத்தான் பானெட்டுக்கு உள்ளே சிவப்பில் ‘ஸ்டாப்’ என்று ஒரு லீவரே வைத்திருக்கிறான். உக்கடத்தில் போய் ஒரு துண்டு ஹோஸ் வாங்கி மாட்டினால் தீரும் வேலை. மூடியைத் திருப்பி வைத்து ரிங் பார்த்த ஆளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும்.

அந்த வாரமே என் போனுக்குக் கேரளாவில் இருந்து ஒரு செலான் வந்தது. சீட் பெல்ட் போடவில்லை, 500 ரூபாய். ஆர்.சி. இன்னும் என் பேரில்தானே இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கேமரா எடுத்த படம். எங்கள் கரும்பச்சைக் கார், இடது சீட்டில் யாரோ முகம் தெரியாத ஒருவர் பெல்ட் போட்டு ஓட்டுகிறார். வலது சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பது இவர். எங்கள் வீட்டில் சாப்பிட்ட அதே மனுசன். படத்தில் இருந்த தேதியில்தான், வண்டி பெயிண்டிங் செட்டில் கிடக்கிறது என்று எனக்கு வாட்ஸப்பில் எழுதியிருக்கிறார்.

படத்தை அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது, அதோடு சரி. ஷோரூமுக்குப் போனால், “அவரு இப்ப இங்க வேலையில இல்லீங்” என்கிறார்கள். செக்கில் இருப்பது ஷோரூம் பேர், கையெழுத்து அவருடையது. ஸ்டேஷனில் புகார் வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், கூடவே “இது சிவில் மேட்டருங்க” என்ற அறிவுரையும். அம்மா, ஏழரை என்று தொகை வந்தபோதே நினைத்தேன் என்கிறார். அப்பா நோட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்த இழுத்தடிப்பு எதற்கு என்று வக்கீல் சொன்ன பிறகுதான் விளங்கியது. செக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான். ஆடி, ஆவணி என்று அதைத் தாண்ட வைத்துவிட்டால் செக் திரும்பினால் போடும் 138ஆம் பிரிவுக் கேஸைப் போட முடியாது. நல்ல வேளை, கெடு முடிவதற்குள் செக்கைப் போட்டுவிட்டேன். பணம் இல்லை என்று நேற்றுத் திரும்பி வந்துவிட்டது.

விவரமாக நிறைய எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முழுப் பணமும் அக்கவுண்டில் ஏறாமல் சாவியையோ ஃபாரம் 29, 30 கையெழுத்தையோ கொடுக்காதீர்கள். செக்கைப் போடாதே என்று எவன் சொன்னாலும் அன்றைக்கே போடுங்கள். திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், அதன் பிறகு 15 நாள் அவர்களுக்கு அவகாசம். பழைய வண்டி விற்கும் கடைக்கு 2023 ஏப்ரலில் இருந்து ஆர்.டி.ஓ.வின் அங்கீகாரச் சான்று வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். பேர் மாறாத வண்டி எங்காவது மோதினால் நஷ்டஈடு ஆர்.சி.யில் பேர் இருப்பவர் தலையில்தான், 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எனக்கு இப்போது ராத்திரித் தூக்கம் போவது அந்த ஏழரை லட்சத்தைவிட இதனால்தான்.

நோட்டீஸ் திங்கட்கிழமை போகிறது. பாலக்காடு, சித்தூர், திருச்சூர்ப் பக்கம் இருப்பவர்கள், கரும்பச்சை நிறத்தில் இடது பக்க ஸ்டீயரிங் வைத்த இரண்டு கதவு பென்ஸைப் பார்த்தால் நம்பர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஓட்டுகிறவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அவரும் பணம் கொடுத்துத்தான் வாங்கியிருப்பார்.